ஜப்பானிய மொழியில் ‘செய்தாகணும்’ சொல்ல ஒரு குறுக்குவழி

எதிர்மறை வினையின் கடைசி ‘னை’யை ‘னக்யா’ ஆக்கிவிடுங்கள், போதும். இக்கனை (போக மாட்டேன்) என்பது இக்கனக்யா (போகணும்), தபெனை (சாப்பிட மாட்டேன்) என்பது தபெனக்யா (சாப்பிடணும்) ஆகிவிடும். ஒழுங்கில்லாத வினைகளுக்கும் இதே கதைதான்: ஷினை (செய்ய மாட்டேன்) ஷினக்யா, கோனை (வர மாட்டேன்) கோனக்யா.

பாடநூலில் வரும் முழு வடிவம் ‘இக்கனக்கெரெபா நரனை’. நம் பேச்சில் சொன்னால் ‘போகாவிட்டால் ஆகாது’. அமைப்பு அப்படியே நம்முடையது, அதனால் தமிழருக்கு இது மனப்பாடமே வேண்டாத பாடம். பேச்சில் ‘நக்கெரெபா’ ‘நக்யா’வாகச் சுருங்கும். ‘ஆகாது’ என்கிற பின்பகுதி சொல்லாமலே புரிவதால் விட்டுவிடுகிறார்கள்.

நண்பர்களிடமும், தனக்குத்தானே முணுமுணுக்கும்போதும் மட்டும் இது சரி. மேலதிகாரியிடம் பேசும்போது ‘நக்கெரெபா நரிமசென்’ என்று முழுசாகச் சொல்லுங்கள். கட்டுரையிலும் சுருக்கம் வேண்டாம், அங்கே ‘நக்கெரெபா நரனை’தான் பொருந்தும். ‘போக வேண்டியிருந்தது’ என்று இறந்தகாலம் சொல்லவும் வெறும் ‘நக்யா’ உதவாது. இறுதியில் ‘நரனக்கத்தா’ வந்தாக வேண்டும். எதிரில் இருப்பவரைப் பார்த்து ‘நீங்கள் செய்தாகணும்’ என்பதற்கும் இதைத் தவிர்ப்பது நல்லது, அதட்டுவதுபோல் கேட்கலாம். அறிவுரைக்கு ‘ஹோ கா ஈ’ (செய்வது நல்லது) இருக்கிறதே.