ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகலாமா?

ஆல்டரேஷனுக்குத் துணி கொண்டுவருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது தையலைப் பற்றி அல்ல. "இதைப் போட்டுக்கொண்டு அங்கே போகலாமா?" என்றுதான். தையல்காரனிடம் கேட்டால் பதிலும் துணியிலிருந்துதானே வரும்.

கடைக்கு, பஸ்ஸுக்கு, பூங்காவுக்கு என்றால் ரொம்ப யோசிக்க வேண்டாம். டி-ஷர்ட், ஜீன்ஸ், டிராக் பேன்ட் எல்லாம் போகும். இரவு படுத்துத் தூங்கிய துணியோடு மட்டும் கிளம்பாதீர்கள். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் போதாது; உட்காருங்கள், குனியுங்கள், கையைத் தூக்குங்கள். நிற்கும்போது ஒழுங்காக இருக்கும் துணிகளில் பல, உட்கார்ந்ததும் மானத்தை வாங்கிவிடும்.

விழா, நேர்காணல் என்று வரும்போதுதான் குழப்பம். முதலில் அழைப்பிதழில் உடையைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன்படி போங்கள், வாதம் வேண்டாம். 2024 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்த உலக ரேபிட் (வேக) செஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் மாக்னஸ் கார்ல்சன் ஜீன்ஸோடு ஆடினார். விதிப்படி ஜீன்ஸ் கூடாது. 200 டாலர் அபராதம் போட்டு, மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். நாளைக்கு மாற்றுகிறேன் என்றார். அடுத்த சுற்றில் அவரைச் சேர்க்கவில்லை. போட்டியை விட்டே விலகிவிட்டார். அப்புறம் போட்டியை நடத்திய உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே இறங்கிவந்து, கோட்டோடு பொருந்தும் ஜீன்ஸ் பரவாயில்லை என்றது, அவரும் அடுத்து நடந்த பிளிட்ஸ் (அதிவேக செஸ்) போட்டியில் ஆட வந்தார். கார்ல்சனுக்கு விதி வளையும். உங்களையும் என்னையும் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

அப்படி எந்த வரியும் இல்லையா? அழைத்தவரிடமே கேளுங்கள். "நான் என்ன போடட்டும்?" என்றால் "உனக்குப் பிடித்ததைப் போடு" என்பார், அதனால் பிரயோசனமில்லை. "நீங்கள் என்ன போடப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். அதைவிட ஒரு படி கீழே இருக்கலாம், இரண்டு படி கூடாது. நேர்காணலுக்கு இது தலைகீழ்: அங்கே வேலை செய்கிறவர்கள் தினமும் போடுவதைவிட ஒரு படி மேலே.

ஜீன்ஸேதான் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது இது. அடர்நீலம் அல்லது கறுப்பு. தொடையில் வெளுப்பு, முட்டியில் கிழிசல் இருக்கக் கூடாது. (புது ஜீன்ஸைக் கிழித்துத் தரச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. தைப்பதற்கு வாங்கும் கூலியையே கிழிப்பதற்கும் வாங்கிக்கொள்கிறேன்.) கால் நீளம் ஷூவைத் தொட்டு நிற்க வேண்டும், கணுக்காலில் சுருங்கிக் குவிந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் இரவல் மாதிரிதான் தெரியும். சட்டையில் நான் முதலில் பார்ப்பது தோள் தையல். அது தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார வேண்டும், கைப்பக்கம் வழியக் கூடாது. காலர் இருக்கட்டும். காலர் இல்லாத டி-ஷர்ட்டுக்கு மேலே கோட் போடுவதானால் கழுத்துப் பட்டி தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தொய்ந்திருந்தால் அது வீட்டுக்குத்தான்.

ஜீன்ஸ் என்றாலே மரியாதைக் குறைவு என்று முகம் சுளிக்கிற பெரியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இன்று அவர்கள் மெச்சுகிற கோட்-சூட், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓய்வு நேரத்தில் போடுகிற உடை. விழாவுக்கு அன்று முழங்கால் வரை தொங்கும் ஃபிராக் கோட் வேண்டியிருந்தது. ஜீன்ஸும் அப்படித்தான்: உடலுழைப்பாளிகளின் பாக்கெட் கிழியாமல் இருக்கச் செம்பு ரிவெட் அடிக்க, 1873இல் ஜேக்கப் டேவிஸும் லெவி ஸ்ட்ராஸும் காப்புரிமை வாங்கினார்கள். இன்று அது கோட்டோடு சேர்ந்து மேடை ஏறுகிறது. வரிசை மாறிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் நீங்கள் போகிற அன்றைக்கு எந்த வரிசை நடப்பில் இருக்கிறதோ, அதைத்தான் பார்ப்பார்கள்.

துக்க வீட்டுக்கு வேலையிலிருந்து அப்படியே ஓடுகிறவர்களை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நெஞ்சில் வேடிக்கை வாசகம் எழுதிய டி-ஷர்ட் என்றால் மட்டும் மேலே ஒரு சாதாரணச் சட்டையைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

போன பிறகுதான் எல்லோரும் பளிச்சென்று வந்திருப்பது தெரிகிறதா? சட்டையை இன் பண்ணுங்கள், மடித்த கையை இறக்கிப் பட்டனைப் போடுங்கள். பார்ப்பவரிடமெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், சொன்னால்தான் கவனிப்பார்கள்.

அப்புறம், துணியை விழாவுக்கு முதல் நாள் மாலையில் கொண்டுவராதீர்கள். பேன்ட் கால் ஓரம் என்றால் மடித்து அடித்துத் தந்துவிடலாம். தோள் என்றால் கையைப் பிரித்துத் திரும்ப ஏற்ற வேண்டும், ஒரு வாரமாவது கொடுங்கள்.