வீட்டு ஹேம் ரேடியோ ஸ்டேஷனை வெளியில இருந்து இன்டர்நெட் வழியா ஓட்டுறது எப்படி?

ரிமோட்டா ரேடியோ ஓட்டணும்னு கிளம்புறவங்க முதல்ல கேக்குறது ஆடியோ எப்படி வரும்னுதான், ஆனா அது சுலபமான பாதி. நீங்க பேசிட்டு இருக்கும்போது நெட் போயிடுச்சு, ரிக் (ரேடியோ பெட்டி) டிரான்ஸ்மிட்லயே நிக்குது, வீட்ல ஆள் இல்ல, இப்ப அதை யாரு நிறுத்துவா? இதுக்கு வழி பண்ணிட்டுதான் பிடிடி (டிரான்ஸ்மிட்டை ஆன் பண்ற பட்டன்) பக்கமே போகணும், அதனால கீழ உள்ள வரிசையை மாத்தாதீங்க. அதோட உங்க லைசன்ஸ்ல ரிமோட் ஆபரேஷனுக்கு அனுமதி இருக்கான்னும் பாத்துடுங்க, நாட்டுக்கு நாடு விதி மாறும்.

உதாரணத்துக்கு ஐகாம் ஐசி-7300ஐ எடுத்துக்கலாம், ஏன்னா ஒரே யூஎஸ்பி கேபிள்லயே கன்ட்ரோலும் ஆடியோவும் போயிடும். ஐசி-705ல வைஃபையே இருக்கு, 7610, 9700ல லேன் போர்ட் இருக்கு, அந்த ரிக் வச்சிருந்தா வீட்ல கம்ப்யூட்டர் இல்லாமலே கூட ஓட்டலாம்.

முதல்ல ரிக் மெனு. சிஐ-வின்னா கம்ப்யூட்டர் ரிக்குக்கு கட்டளை அனுப்புற ஐகாமோட முறை, அதோட யூஎஸ்பி போர்ட்டை அன்லிங்க் பண்ணி பாட் ரேட் (டேட்டா போற வேகம்) 115200 வைங்க, இல்லன்னா வாட்டர்ஃபால் (பேண்ட்ல எங்க சிக்னல் இருக்குன்னு காட்டுற படம்) வராது. டேட்டா ஆஃப் மாட்னு ஒண்ணு இருக்கும், அதை யூஎஸ்பிக்கு மாத்துங்க, மாத்தலன்னா நீங்க எங்கயோ உக்காந்து கத்துவீங்க, வீட்ல மேசை மேல கிடக்குற மைக்ல கேக்குற ஃபேன் சத்தம்தான் ஏர்ல போகும். யூஎஸ்பி சென்ட் கண்டிப்பா ஆஃப்ல இருக்கணும், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும்போது தானா டிரான்ஸ்மிட் ஆகுறதுக்கு பல நேரம் இதுதான் காரணம்.

அடுத்து வீட்டு கம்ப்யூட்டர்ல டபிள்யூஎஃப்வியூ (wfview)ங்கிற ரிக் கன்ட்ரோல் சாஃப்ட்வேரை போடுங்க, இலவசம்தான். அதுல ரேடியோ சர்வரை ஆன் பண்ணி ஒரு யூசர், பாஸ்வேர்ட் வைங்க. லேப்டாப்லயும் அதையே போட்டு லேன்னு செலக்ட் பண்ணி வீட்டு கம்ப்யூட்டரோட ஐபி கொடுங்க. இதை முதல்ல வீட்டுக்குள்ளயே டெஸ்ட் பண்ணுங்க, வெறும் ரிசீவ் மட்டும்.

உள்ள ஓடுனதும் வெளிய. ரவுட்டர்ல போர்ட் திறந்து விடாதீங்க, விபிஎன் (ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல பூட்டுன தனி வழி) போடுங்க. ரவுட்டர்ல வான் ஐபி (வெளி நெட் பக்கத்து முகவரி) 100.64ல இருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா நீங்க சிஜிநாட்டுக்குள்ள (நெட் கம்பெனி ஒரே பொது ஐபியை பல வீட்டுக்கு பங்கு வைக்கிறது) இருக்கீங்கன்னு அர்த்தம், போர்ட் திறந்தாலும் பிரயோஜனம் இல்ல, டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் ஆப்பை ரெண்டு பக்கமும் போட்டா வேலை முடிஞ்சது. ஆடியோவுக்கு ஓபஸ் கோடெக் (ஆடியோவை சுருக்கி அனுப்புற முறை) எடுங்க, 16 பிட் 48000 சாம்பிள்ல அப்படியே அனுப்புனா 768 கேபிபிஎஸ் ஆகும், ஓபஸ்ல அதுல சின்ன பங்குதான். ஸ்பீடு குறைவா இருந்தா கூட சமாளிக்கலாம், பாக்கெட் விட்டு விட்டு வந்தாதான் பேச்சு துண்டு துண்டாகும், அதுக்கு பஃபரை கொஞ்சம் ஏத்துங்க.

இப்ப முக்கியமான விஷயம், நிறுத்துறது. 7300ல சிஐ-விக்குன்னே டைம் அவுட் டைமர் (குறிச்ச நேரம் தாண்டினா டிரான்ஸ்மிட்டை தானா நிறுத்துறது) இருக்கு, 3 நிமிஷத்துல வைங்க. அது மட்டும் போதாது, பவர் சப்ளையை ஒரு ஸ்மார்ட் பிளக்ல மாட்டுங்க, ரிக்கோட லோடை தாங்குற பிளக்கா பாத்து, அதோட ஆப் உங்க போன்ல மொபைல் டேட்டால வேலை செய்யணும். இதுவும் வீட்டு நெட்டை நம்பித்தான் இருக்கு, அதனால டைமர்தான் கடைசி காவல். யூஎஸ்பி கேபிள் ரெண்டு முனைலயும் ஃபெரைட் (ரேடியோ அலையை தடுக்குற வளையம்) போடுங்க, ஆர்எஃப் (ரிக் அனுப்புற ரேடியோ அலை) உள்ள புகுந்து யூஎஸ்பி தொங்கிடுச்சுன்னா ரிசீவுக்கு திரும்பச் சொல்ற கட்டளையே ரிக்குக்கு போகாது.

இப்ப டம்மி லோடு (ஆன்டெனாவுக்கு பதிலா மாட்டுற, சிக்னலை வெளிய விடாத சுமை) மாட்டி, 5 வாட்ல, டிரான்ஸ்மிட்ல இருக்கும்போதே வேணும்னே லேப்டாப் நெட்டை கட் பண்ணிப் பாருங்க. ரிக் தானா ரிசீவுக்கு வருதா, எவ்வளவு நேரத்துல? அது வரலன்னா ஆன்டெனாவை மாட்டாதீங்க. மாட்டுன பிறகு ஒவ்வொரு பேண்ட் மாத்தும்போதும் எஸ்டபிள்யூஆர் மீட்டரை (ஆன்டெனால இருந்து பவர் திரும்பி வருதான்னு காட்டுறது) ஒரு பார்வை பாருங்க. இடி மின்னல் வர்ற நாள்ல ஆன்டெனாவை கழட்ட ஆள் இல்லன்னா, வீட்டை விட்டு கிளம்புறப்பவே கழட்டி வச்சிட்டு போறது நல்லது, அன்னிக்கு ரிமோட் இல்ல, அவ்ளோதான்.

சிடபிள்யூ (மோர்ஸ் கோடு) அடிக்கிறவங்க பேடிலை (மோர்ஸ் அடிக்கிற கருவி) நெட் வழியா அனுப்பப் பாக்காதீங்க, தாமதத்துல கை தடுமாறும். கம்ப்யூட்டர்ல எழுத்தா டைப் பண்ணுனா ரிக்குக்குள்ள இருக்குற கீயரே அதை மோர்ஸா அடிச்சிடும். எஃப்டி8னா (கம்ப்யூட்டரே சின்ன சின்ன செய்தி அனுப்புற டிஜிட்டல் முறை) இந்த ஆடியோ தலைவலியே வேணாம், அதுக்கான சாஃப்ட்வேர் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸை வீட்டு கம்ப்யூட்டர்லயே ஓட்டி ரிமோட் டெஸ்க்டாப்ல பாருங்க, வீட்டு கம்ப்யூட்டர் கடிகாரம் சரியா இருந்தா போதும்.