ஊட்டியில் பழைய எம்ஜிபி (MGB) கார்: முதலில் பாயின்ட், பிறகு டைமிங்

2,240 மீட்டர் உயர ஊட்டியில் காற்றின் அடர்த்தி குறைவு. சிலிண்டருக்குள் பெட்ரோல்-காற்றுக் கலவை மெதுவாகவே எரியும். சமவெளியில் வைத்த டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்) இங்கே பிந்திவிடும், கல்லட்டி ஏற்றத்தில் வண்டி திணறும்.

பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிறது பாயின்ட், மின்சாரத்தைத் துண்டித்துத் தீப்பொறி வரவைக்கும் தொடுமுனை ஜோடி. அதன் ஹீல் (கேமில் உரசும் பகுதி) கேமின், அதாவது சுழலும் தண்டில் உள்ள மேட்டின், முனையில் நிற்கும்போது ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.38 மி.மீ. இடைவெளி வையுங்கள். இதை முடிக்காமல் டைமிங்கைத் தொடவே தொடாதீர்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் நகர்ந்துவிடும். பாயின்டில் ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு தெரிந்தால் பாயின்டில் பொறி பறப்பதைக் குறைக்கும் கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள்.

பிறகு டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்து, டைமிங் லைட் (டைமிங் குறியைக் காட்டும் மின்னும் விளக்கு) பிடித்து, கையேட்டு அளவைவிட 2 டிகிரி மட்டும் முன்னால் தள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் சுற்றுவது இடஞ்சுழி. டிஸ்ட்ரிபியூட்டரை வலஞ்சுழியாக மயிரிழை திருப்பினால் போதும். மேட்டுப்பாளையம் இறங்கியதும் நாக்கிங் சத்தம் (இன்ஜினில் டக்டக் என்ற தட்டல்) கேட்டால் உடனே பழைய அளவுக்கு வாருங்கள், இல்லையேல் பிஸ்டனே ஓட்டையாகிவிடும்.