சிலப்பதிகாரத்துல திருப்புமுனை எதுன்னு கேட்டா

அக்கா பொண்ணுக்கு கதைச்சுருக்கம்லாம் தண்ணி பட்ட பாடு, ஆனா பாண்டியன் எப்படிப்பட்டவன், திருப்புமுனை எதுன்னு கேள்வி வந்தா மட்டும் திருதிருன்னு முழிப்பா, கைடுல இருக்கற "நீதி தவறாத மன்னன்"ங்கற வரிய அப்படியே எழுதி வச்சிட்டு வந்துடுவா (அப்ப கோவலன ஏன் கொன்னாராம்?).

நான் பண்ணது இதான். ரஃப் நோட்ல கட்டம் போட்டு, ஒவ்வொரு ஆளுக்கும் அந்த நிமிஷம் என்ன வேணும், என்ன தெரியும், என்ன தெரியாதுன்னு மட்டும் எழுதச் சொன்னேன். பொற்கொல்லனுக்கு தன் திருட்ட மறைக்கணும். ராஜாவுக்கு ஊடல்ல எழுந்து போன கோப்பெருந்தேவிய சமாதானம் பண்ணணும், அந்த அவசரத்துல வழியில வந்த பொற்கொல்லன் சொன்னத நம்பி, கோவலன கூப்டு ஒரு வார்த்தை கேக்காம காவலாளிங்கள அனுப்பிடறாரு. கண்ணகிக்கு தன் சிலம்புல மாணிக்கப் பரல்னு தெரியும், ராணியோடதுல முத்துன்னு ராஜாவே வாயால சொல்றாரு.

எழுதி முடிச்சதும் "மாமா, அப்ப சிலம்ப உடைக்கற இடம் திருப்புமுனை இல்லயா?"ன்னா. என்னக் கேட்டா அங்க உண்மை வெளிய வருது, கதை திரும்பினது விசாரிக்காம ஆள அனுப்பின இடத்துலதான். அவ ஒத்துக்கவே இல்ல, ராஜா தப்ப ஏத்துக்கிட்டு உயிர விடறாரே, அதனால உடைக்கற இடம்தான்னு சண்டை. சரி, காரணத்தோட அதையே எழுதுன்னுட்டேன். இப்ப சிறுகதைக்கும் அவளே கட்டம் போட்டுக்கறா, கைட தம்பிகிட்ட தள்ளிவிட்டாச்சு.