உங்கள் தளத்தின் மேல் தோன்றும் பாப்-அப் எங்கிருந்து வருகிறது? கண்டறிந்து நீக்கும் முறை

கம்பத்திலிருந்து மலைப்பாதையில் ஏறிக் குமுளிச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஏலக்காய்க் கடைகளும் தங்கும் விடுதிகளும் வரிசையாகத் தொடங்கிவிடுகின்றன. இவற்றில் பல இப்போது சொந்தமாக இணையதளம் வைத்திருக்கின்றன. கார்த்திகை, மார்கழியில் இவ்வழியாகச் சபரிமலைக்குச் செல்பவர்கள் அறை தேடி அத்தளங்களைத் திறக்கும்போது, அறைகளின் படங்களை மறைத்துக்கொண்டு “உங்கள் போனில் வைரஸ் உள்ளது, உடனே சுத்தம் செய்யவும்” என்று ஒரு சிவப்புப் பெட்டி (பாப்-அப்) வந்து நின்றால், அவர்கள் விடுதிக்காரரைத்தான் சந்தேகிப்பார்கள்.

இந்தப் பெட்டி வருவதற்கு இரண்டு வழிகள் உண்டு. பார்ப்பவரின் கருவியில் புகுந்துள்ள ஆட்வேர், அதாவது விளம்பரம் காட்டும் மென்பொருள், அதைக் காட்டலாம். அல்லது தளத்துக்குள்ளேயே யாரோ நுழைத்துவிட்ட நிரல் காட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் தீர்வு முற்றிலும் வேறு.

பயனருக்கு நேரும் சேதம் டேட்டாவும் பேட்டரியும் கரைவதோடு நிற்பதில்லை. அந்தப் பெட்டியைத் தொட்டு ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு) நிறுவிக்கொண்டு, அது கேட்கும் எஸ்எம்எஸ் அனுமதியையும் கொடுத்துவிட்டால், வங்கியின் ஓடிபி பிறர் கைக்குப் போகும். தள உரிமையாளருக்கோ, தான் கூலி கொடுத்து உருவாக்கிய பக்கத்தின் மேல் வேறொருவர் விளம்பரம் ஒட்டிப் பணம் பார்ப்பதும், வாடிக்கையாளர் போட்டிக்காரரின் பக்கத்துக்குக் கடத்தப்படுவதும் இழப்பு. பழியும் அவர் தலையிலேயே விழுகிறது. 2015-இல் கூகுள் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், கூகுள் தளங்களுக்கு வந்த ஐ.பி. முகவரிகளில் 5 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் இவ்வாறு விளம்பரம் செருகும் மென்பொருள் காணப்பட்டது. அதையொட்டி 1.4 கோடிப் பேரைப் பாதித்த 192 குரோம் எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்கள்) முடக்கப்பட்டன.

படி 1: புகார் சொன்னவரிடம் விவரம் கேளுங்கள்

“அண்ணே, உங்க சைட்டைத் திறந்தா என்னென்னமோ வருது” என்று ஒருவர் அழைத்தால் மறுத்துப் பேசாதீர்கள். முகவரிப் பட்டையும் சேர்ந்து தெரியுமாறு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்கள். அதே கைபேசியில் வேறு செய்தித்தளங்களைத் திறந்தாலும் இப்படி வருகிறதா, பிரவுசரை மூடிய பிறகும் வருகிறதா என்றும் கேளுங்கள். இரண்டில் எதற்கேனும் விடை ‘ஆம்’ என்றால் கோளாறு பெரும்பாலும் அவருடைய கைபேசியில்தான் இருக்கிறது.

படி 2: நீங்களே சோதியுங்கள்

இந்தப் படியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தளத்தில் நுழைக்கப்படும் தீய நிரல், அட்மினாக உள்நுழைந்திருப்பவருக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளாமல், கூகுள் தேடல் வழியாகக் கைபேசியில் வருபவருக்கு மட்டும், அதுவும் முதல் வருகையில் மட்டும் பாப்-அப்பைக் காட்டும்படி எழுதப்பட்டிருப்பது வழக்கம். எனவே அலுவலகக் கணினியில் பார்த்துவிட்டு “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது” என்று முடிவுக்கு வராதீர்கள். உங்கள் தளத்தை இதுவரை திறந்திராத ஒரு கைபேசியை வீட்டில் யாரிடமாவது வாங்கி, வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் விடுதியின் பெயரைக் கூகுளில் தேடி, அங்கிருந்து உள்ளே செல்லுங்கள். இரண்டு மூன்று கைபேசிகளில் ஒரே பெட்டி வந்தால் கோளாறு தளத்தில் இருக்கிறது என்று கொள்ளலாம்.

படி 3: கோளாறு கைபேசியிலோ கணினியிலோ இருந்தால்

குரோமின் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று, நோட்டிபிகேஷன்ஸ் பட்டியலில் அறிமுகமில்லாத தளங்களின் அனுமதியை நீக்குங்கள். “நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ என்பதைத் தொடவும்” என்ற வாசகத்தை நம்பி என்றோ கொடுத்த அனுமதியே பல நேரங்களில் காரணமாக இருக்கிறது.

அதன் பிறகும் வந்தால் ஏதோ ஒரு செயலியின் வேலை. விளம்பரம் திரையில் இருக்கும்போதே அண்மைச் செயலிகளின் பட்டியலைத் திறந்தால் எந்தச் செயலி அதைக் காட்டுகிறது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். டார்ச், வால்பேப்பர் போன்ற சாதாரணப் பெயர்களில் இவை ஒளிந்திருக்கும். சில தம் ஐகானையே மறைத்துக்கொள்ளும் என்பதால், செட்டிங்ஸில் உள்ள முழுச் செயலிப் பட்டியலைப் பாருங்கள். பிற செயலிகளின் மேல் தோன்றும் அனுமதி யாருக்கெல்லாம் இருக்கிறது என்பதையும் அங்கேயே பார்க்கலாம். நீக்க விடாமல் முரண்டு பிடிக்கும் செயலியை, டிவைஸ் அட்மின் அனுமதியை எடுத்துவிட்டு, சேஃப் மோடில் (நாம் நிறுவிய செயலிகள் இயங்காத நிலை) நீக்குங்கள்.

கணினியில் எக்ஸ்டென்ஷன்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இன்காக்னிட்டோ சாளரத்தில் நாமாக அனுமதிக்காத எக்ஸ்டென்ஷன் இயங்காது; ஆகவே அங்கே பெட்டி வரவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துக் குற்றவாளியைப் பிடித்துவிடலாம்.

படி 4: கோளாறு தளத்தில் இருந்தால்

முதலில் தளத்தின் முழு பேக்கப்பை எடுத்து வையுங்கள். பிறகு அட்மின், ஹோஸ்டிங் கடவுச்சொற்களை மாற்றி, பயனர் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத அட்மின் இருந்தால் நீக்குங்கள். வேர்ட்பிரஸ் தளமானால், பணம் கட்டி வாங்க வேண்டிய தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) அல்லது பிளகின் (கூடுதல் வசதி தரும் நிரல்) எதையாவது ‘இலவசமாக’ எங்கிருந்தோ இறக்கிப் போட்டிருக்கிறார்களா என்று தளத்தை அமைத்துக் கொடுத்தவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். என் அனுபவத்தில் இதைவிடக் கெட்ட சிக்கனம் வேறில்லை. தீய நிரலை அதனோடு சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள். வருகையாளர் எண்ணிக்கை காட்டும் பெட்டி, வானிலைப் பெட்டி என வெளியிலிருந்து ஒட்டிய துண்டு நிரல்களையும் எடுத்துவிட்டு, மீதமுள்ள அனைத்தையும் அப்டேட் செய்யுங்கள். தளம் இன்னும் எச்டிடிபிஎஸ் (தகவலை மறையாக்கி அனுப்பும்) முகவரிக்கு மாறவில்லை என்றால், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் இலவசச் சான்றிதழைக் கொண்டு மாற்றிவிடுங்கள். வழியில் யாரும் விளம்பரம் செருகுவதை அது தடுக்கும்.

கடைசியாக, தள உரிமையாளர்களுக்கான கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் பாதுகாப்புச் சிக்கல்கள் பகுதியைத் திறங்கள். அங்கே எச்சரிக்கை ஏதேனும் இருந்தால், சரிசெய்த விவரத்தை எழுதி மறுபரிசீலனைக்கு விண்ணப்பியுங்கள். அது ஏற்கப்படும் வரை பார்வையாளருக்குக் குரோமின் சிவப்பு எச்சரிக்கைப் பக்கம் தொடர்ந்து தோன்றக்கூடும். புகார் சொன்னவர் அந்தப் பெட்டியை நம்பிப் பணம் இழந்திருந்தால், கேரளமானாலும் தமிழ்நாடானாலும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைக்கச் சொல்லுங்கள்.