ஓவர்டைம் கணக்கை அன்றன்றே எழுதிவிடுங்கள்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ புறக்கோட்டையிலோ ஏழெட்டுப் பேரை வைத்துக் கடையோ ஒஃபீஸோ நடத்துகிறவர்களுக்கு ஒரு விஷயம். முதலாளிக்கும் ஊழியருக்கும் இடையில் வருகிற மனக்கசப்பு பல நேரம் ஓவர்டைமிலும் லீவிலும்தான் தொடங்குகிறது. தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, வந்த நேரம், போன நேரம், எடுத்த லீவு மூன்றையும் அன்றைக்கே எழுதி, பக்கத்திலேயே அவர் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். மாதக் கடைசியில் "அண்ணே, அந்தச் சனிக்கிழமை எட்டு மணி வரைக்கும் நின்றேனே" என்று ஒரு தம்பி வந்து கேட்டால், இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் சரி, குரல் உயர வேண்டியதில்லை.

1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் நிற்கிற நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் கூப்பிட்டாலும் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், ஊழியர்கள் மறப்பதில்லை.

அப்புறம், ஈபிஎஃப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) ஊழியரிடம் பிடிக்கிற 8 வீதம், நீங்கள் போடுகிற 12 வீதம், ஈடிஎஃப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) நீங்கள் போடுகிற 3 வீதம் எல்லாம் சம்பளச் சிட்டையில் தனித்தனியாகத் தெரியட்டும். சிங்களப் பிள்ளைகள் இருந்தால் சிங்களத்திலும் எழுதிக் கொடுங்கள்.

உங்கள் மருமகனே வேலை செய்தாலும் அவரும் கொப்பியில் கையெழுத்துப் போடத்தான் வேண்டும். ஏச வேண்டி வந்தால் தயவுசெய்து வாடிக்கையாளர் முன்னால் வேண்டாம். உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, முதலில் அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள்.