பழைய வேட்டியில் பாப்பாவுக்குத் துடைப்புத் துணி: வெட்டுவது முதல் துவைப்பது வரை

கைக்குழந்தை உள்ள வீட்டில் வைப்ஸ் பாக்கெட் என்ன வேகத்தில் காலியாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பதிலாக, துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தும் துணிகளை வீட்டிலேயே தயார் செய்துகொள்ளலாம். தையல் தெரிய வேண்டியதில்லை. ஒரு பழைய வேட்டி, நல்ல கத்தரிக்கோல், மூடி உள்ள ஒரு வாளி போதும்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். தேங்காய் எண்ணெய், பேபி சோப், வாசனை எண்ணெய் எல்லாம் கலந்த தண்ணீரில் துணியை ஊறவைத்து டப்பாவில் அடுக்கச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. அதைச் செய்யாதீர்கள். கடையில் வாங்கும் வைப்ஸ் மாதக்கணக்கில் ஈரமாகவே இருந்தும் கெடாமல் இருப்பதற்குக் காரணம், அதில் சேர்க்கும் பதப்படுத்திகள். அப்படிப்பட்ட ஒன்றான மெத்தில்ஐசோதயசோலினோன் பலருக்குத் தோல் ஒவ்வாமை தந்ததால், அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் ஒன்று 2013-இல் அதையே அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. நம் டப்பாவில் பதப்படுத்தி கிடையாது. நம்மூர் வெக்கையில் ஈரத்துணியை மூடி வைத்தால் சீக்கிரமே ஊசல் வாடை வந்துவிடும். அதனால் துணி எப்போதும் காய்ந்தே இருக்கட்டும். துடைக்கும் நேரத்தில் நனைத்தால் போதும். எண்ணெயும் சோப்பும் இல்லாத வெறும் தண்ணீரே குழந்தையின் தோலுக்குப் போதுமானது.

படி 1: துணியைத் தேர்ந்தெடுங்கள்

பல வருடம் துவைத்து மெலிந்த பருத்தி வேட்டிக்கு ஈடு கிடையாது. பழைய பருத்திப் புடவை, வெளுத்த பனியன் துணி இரண்டும் அடுத்த இடம். புதுத்துணி வாங்கித்தான் செய்ய வேண்டும் என்றால் மல் துணி என்ற மெல்லிய பருத்தித் துணியைக் கேளுங்கள்.

வேட்டி என்றாலே பருத்தி என்று நம்பிவிடக் கூடாது. பாலியஸ்டர் கலந்தவை ஏராளம். அவை தண்ணீரை இழுக்காமல் வழுக்கும். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனையோடு கருகி, தொட்டால் உதிரும் சாம்பலாகிவிடும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, நுனியில் கெட்டியாக ஒரு மணி போல நிற்கும். மணி வந்தால் அந்த வேட்டியைத் தரை துடைக்க ஒதுக்கிவிடலாம்.

படி 2: வெட்டுங்கள், கிழியுங்கள்

முதலில் கரையை வெட்டி நீக்குங்கள். ஜரிகை குழந்தையின் தோலைக் கீறும். அப்புறம் 25 சென்டிமீட்டருக்கு ஒரு அடையாளம் வைத்து, அந்த இடத்தில் கத்தரிக்கோலால் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக் கிழியுங்கள். நெய்த பருத்தி நூல் வாட்டத்திலேயே கிழியும் என்பதால் கோடு போடாமலே ஓரம் நேராக வரும். பனியன் துணி இப்படிக் கிழியாது. அதை வெட்டத்தான் வேண்டும்.

வேட்டியில் நைந்த இடம் போக ஒன்றரை மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் தேறினால் 24 துண்டுகள் கிடைக்கும். ஒரு நாளைக்கு இது போதும். தினமும் துவைக்க முடியாது என்றால் இன்னொரு வேட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கிழித்த ஓரத்தில் நூல் தொங்கும். இதை அலட்சியமாக விடக் கூடாது. பிரிந்த நூலோ தலைமுடியோ குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டு இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுபோகும். தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்தால் நூல் பிரியாதபடி நான்கு பக்க ஓரத்தையும் சுற்றித் தைத்து, அதாவது ஓவர்லாக் அடித்து, தந்துவிடுவார். பனியன் துணிக்கு அது தேவையில்லை, அதன் ஓரம் பிரியாது.

இரண்டு துணியை ஒன்றாக வைத்துத் தைத்தால் பார்க்க அழகாக இருக்கும்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் அது காயவே காயாது. ஒற்றைத் துணியை நான்காக மடித்துப் பயன்படுத்துவதுதான் என் கட்சி.

படி 3: முதல் சலவை

புதுத்துணி என்றால் கஞ்சி போகும் வரை இரண்டு மூன்று முறை அலசி வெயிலில் காயப்போடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உறிஞ்ச வேண்டும்.

படி 4: துடைக்கும் முறை

கொதித்து ஆறிய தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. ஒரு தடவைக்கு மூன்று துணி: இரண்டு ஈரத்துக்கு, ஒன்று காய்ந்தபடியே. உச்சா மட்டும் என்றால் ஒன்று ஈரம், ஒன்று உலர்ந்தது.

ஆய் போயிருந்தால், மாற்றப்போகும் இடுப்புத் துணியின் சுத்தமான பகுதியாலேயே முதலில் வழித்து எடுத்துவிடுங்கள். பிறகு ஈரத்துணியை நான்காக மடித்துத் துடையுங்கள். ஒருமுறை துடைத்ததும் மடிப்பைத் திருப்பினால் சுத்தமான பக்கம் வந்துவிடும். பெண் குழந்தைக்கு எப்போதும் முன்னிருந்து பின்னால்தான் துடைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும். ஆண் குழந்தைக்கு முன்தோலைப் பின்னால் தள்ளிச் சுத்தம் செய்ய முயலாதீர்கள், வெளியே துடைத்தால் போதும்.

தொடை மடிப்புகளை மறக்க வேண்டாம். கடைசியில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஈரம் தங்கிய மடிப்பில்தான் முதலில் சிவக்கும். பவுடர் போட்டு ஈரத்தை இழுக்கலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தத் தூள் குழந்தையின் மூச்சில் போகும் என்பதால் அது வேண்டாம்.

முகத்துக்கும் வாய்க்கும் தனித்துணி வையுங்கள். வண்ண நூலால் ஓவர்லாக் அடித்துக்கொண்டால் அவசரத்திலும் மாறாது. கண்ணைத் துடைக்கும்போது மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு துணி.

படி 5: துவைப்பது

பலரும் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் துணியை உடனே அலசிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆய் ஒட்டியதை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். எடுத்ததும் சுடுதண்ணீர் விட்டால் கறை துணியிலேயே பிடித்துக்கொள்ளும். திட உணவு தொடங்கிய பிறகு, துணியில் இருப்பதைக் கழிப்பறையில் தட்டிவிட்டு அலச வேண்டும். அலசியதைப் பிழிந்து, தண்ணீர் ஊற்றாத மூடி வாளியில் போட்டு வையுங்கள். தண்ணீர் நிரம்பிய வாளி தவழும் குழந்தைக்கு ஆபத்து. அது இல்லாவிட்டாலும் ஊறிக் கிடக்கும் துணி நாறும்.

அன்றோ மறுநாளோ சாதாரண சோப்புத்தூள் போட்டுத் துவைத்து, நுரை வருவது நிற்கும் வரை அலசுங்கள். எஞ்சிய சோப்பு எரிச்சல் தரும். நீலம், கஞ்சி, வாசனை கண்டிஷனர் எதுவும் வேண்டாம். கண்டிஷனர் நூலின் மேல் படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும். மெஷினில் 60 டிகிரி வசதி இருந்தால் அதில் போடுங்கள். இல்லையென்றால் வாரம் ஒருமுறை, வயிற்றுப்போக்கு வந்தால் தினமும், பழைய பாத்திரம் ஒன்றில் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். அந்தப் பாத்திரம் சமையலுக்குத் திரும்பக் கூடாது.

தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மஞ்சள் கறை துவைத்த பிறகும் லேசாகத் தெரியும். ஈரத்தோடு நல்ல வெயிலில் விரித்துப் போட்டால் கறை வெளுத்துப்போகும். ப்ளீச் தேவைப்படாது. மழைக்காலத்தில் மின்விசிறிக்கடியில் கொடி கட்டிக் காயவைத்து, மிச்ச ஈரத்தை இஸ்திரி போட்டு எடுங்கள். முழுதாகக் காய்ந்தால்தான் மடிக்க வேண்டும்.

வெளியே போகும்போது

பத்துக் காய்ந்த துணி, ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில், அழுக்குத் துணிக்கு ஜிப் வைத்த பை. பேருந்திலோ ரயிலிலோ நீண்ட பயணம் என்றால், அலசுவதற்குச் சரியான வசதி இருக்காது; அன்றைக்கு வாசனையில்லாத கடை வைப்ஸை எடுத்துக்கொண்டு போங்கள், தப்பே இல்லை.

தோல் சிவந்தால் துடைப்பதைக் குறைத்து, குழாய்த் தண்ணீரில் கழுவி ஒற்றிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் குறையவில்லை என்றாலோ, அடர் சிவப்பாகி ஓரத்தில் சின்னச் சின்னப் பொரிகள் வந்தாலோ பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டி மருந்து வாங்குங்கள், அது ஆறும் வரை அந்தத் துணிகளைத் தினமும் கொதிக்க வையுங்கள்.